சுவரில் ஓவியம், தரையில் கரி: ஒரு பாறை ஒதுக்கின் காலத்தை எப்படிக் கணிக்கிறார்கள்?

கேள்வி இது: ஓவியங்கள் உள்ள ஒரு பாறை ஒதுக்கின் தரையைத் தோண்டியபோது கிடைத்த கரித்துண்டுக்கு 30,000 ஆண்டு வயது வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அங்கே மனிதர்கள் 30,000 ஆண்டுகளுக்கு முன்பே தங்கியிருந்தார்கள் என்று சொல்லிவிடலாமா? சுவரில் உள்ள ஓவியங்களுக்கும் அதே வயதுதானா?

முதல் பாதிக்குப் பதில், சில விஷயங்களைச் சரிபார்த்த பிறகு சொல்லலாம் என்பது. இரண்டாம் பாதிக்குப் பதில், பெரும்பாலும் சொல்ல முடியாது என்பது. ஏன் என்று விளக்கக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஆனால் தொல்லியலில் இதைவிட சுவையான பகுதி எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

எந்த ஆய்வுக்கூடமும் 'மனிதர் இங்கே இருந்தார்கள்' என்பதற்கு வயது சொல்வதில்லை. கரித்துண்டைக் கொடுத்தால், அந்த மரம் காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்வதை எப்போது நிறுத்தியது என்று சொல்வார்கள். மணலைக் கொடுத்தால், அது கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்று சொல்வார்கள். ஓவியத்தின்மேல் படிந்த சுண்ணப் படலத்தைக் கொடுத்தால், அது படிந்த காலத்தைச் சொல்வார்கள். மரம் பட்டுப்போவதும் மணல் புதைவதும் சுண்ணம் படிவதும் மனிதர் யாருமே இல்லாமல் நடக்கக்கூடியவை. அவற்றை மனிதரோடு முடிச்சுப் போடுவது அகழாய்வு செய்பவரின் வேலை. பிற்காலத்தில் பொய்த்துப்போன பல வயதுகளை எடுத்துப் பார்த்தால், கருவி தவறியதைவிட இந்த முடிச்சு அவிழ்ந்துபோனதுதான் அதிகம்.

தரையிலிருந்து தொடங்குவோம். பாறை ஒதுக்கு என்பது ஆழமான குகை அல்ல. மேலே பாறை குடைபோல நீட்டிக்கொண்டிருக்க, அடியில் மழை படாமல் கிடக்கும் திண்ணை போன்ற இடம். கூரையிலிருந்து உதிரும் மணல், காற்று கொண்டுவரும் தூசி, அடுப்புச் சாம்பல், விலங்குகளின் எச்சம் எல்லாம் சேர்ந்து அந்தத் தரை மிக மெதுவாக உயர்கிறது. எவ்வளவு மெதுவாக என்பதை மனதில் பதியவைக்க ஒரு கணக்கு. ஆஸ்திரேலியாவின் வடக்கே ஆர்னம்லாந்தில் மஜெட்பெபெ என்ற ஓவியப் பாறை ஒதுக்கு இருக்கிறது. அங்கே கற்கருவிகள் செறிந்த மிகப் பழைய அடுக்கு ஏறத்தாழ இரண்டரை மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அதற்கு 2017இல் கொடுக்கப்பட்ட வயது சுமார் 65,000 ஆண்டு. வகுத்துப் பார்த்தால் ஒரு சென்டிமீட்டர் மண்ணுக்கு சராசரியாக 260 ஆண்டு வருகிறது. இளகிய மணலில் ஒருவர் குதிகாலை அழுத்தி நடந்து ஒரு சில்லுக்கல் நான்கு சென்டிமீட்டர் கீழே இறங்கினால், அது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பின்னால் போய்விடுகிறது! கறையான், வளை தோண்டும் விலங்கு, மரவேர், பின்னால் வந்தவர்கள் அடுப்புக்காகத் தோண்டிய குழி, இவை ஒவ்வொன்றும் அதைவிடப் பெரிய வேலையைச் செய்யும்.

ஆகவே ஒரு கரித்துண்டு எந்த ஆழத்தில் கிடைத்தது என்பதைவிட, எதோடு சேர்ந்து, எந்த நிலையில் கிடைத்தது என்பதே முக்கியம். மணலில் தனியாக மிதந்துகொண்டிருக்கும் ஒரு துணுக்கும், தீயில் சிவந்த மண், சாம்பல் அடுக்கு, வெந்த எலும்பு, வெப்பத்தில் வெடித்த கல் ஆகியவற்றோடு ஓர் அடுப்புக்குள் கிடைக்கும் கரியும் ஒன்றல்ல. நல்ல குழுக்கள் அடுக்கிலிருந்து கையளவு மண்ணைக் கலைக்காமல் வெட்டியெடுத்து, பிசின் ஊற்றி இறுக்கி, கண்ணாடித் தகடுபோல மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அந்தச் சாம்பல் எரிந்த இடத்திலேயே கிடக்கிறதா, வேறெங்கிருந்தோ அடித்துவரப்பட்டதா என்பது அதில் தெரிந்துவிடும். காலக்கணிப்பு அறிக்கையில் இப்படியொரு பகுதி இருந்தால் என் நம்பிக்கை உடனே கூடிவிடும்.

சரி, இனி கார்பன்-14, அதாவது காலப்போக்கில் தானாகச் சிதையும் ஒரு வகைக் கார்பன். வில்லார்ட் லிபியும் அவருடைய குழுவும் 1949இல் சிகாகோவில் இந்த முறையை நிறுவினார்கள். அதற்காக அவருக்கு 1960இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. உயிரோடு இருக்கும்வரை மரமும் விலங்கும் காற்றில் உள்ள விகிதத்திலேயே கார்பன்-14ஐ வைத்திருக்கும். இறந்த பிறகு அது சுமார் 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். 50,000 ஆண்டு ஆகும்போது தொடக்கத்தில் இருந்ததில் ஆயிரத்தில் இரண்டு பங்குதான் மிஞ்சும். அதற்கு மேல் அளப்பதில் பொருள் இல்லை.

இந்த எல்லைக்கு அருகில் வரும் வயதுகளில்தான் பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. உண்மையில் 40,000 ஆண்டு பழைய கரியில் இன்றைய கார்பன் ஒரே ஒரு சதவீதம் ஒட்டிக்கொண்டால், ஆய்வுக்கூடம் ஏறத்தாழ 33,000 என்று சொல்லும். கார்பன்-14 துளியும் மிச்சமில்லாத, எவ்வளவோ பழைய கரியில் அதே ஒரு சதவீதம் கலந்தால் 37,000 என்று வரும். வேரிலிருந்து கசிந்த சாறு, மண்ணில் உள்ள மட்கு அமிலம், ஏன், மாதிரியைப் பொட்டலம் கட்டிய பஞ்சுகூட இதற்குப் போதும். அமிலமும் காரமும் மாற்றி மாற்றி ஊற்றிக் கரியைக் கழுவுவது இதற்காகத்தான். 1999க்குப் பிறகு மிகப் பழைய கரிக்கு இன்னும் கடுமையான ஆக்சிஜனேற்றச் சுத்திகரிப்பு வந்தது. அப்படிக் கழுவி மறுபடி அளந்தபோது சில இடங்களின் வயது பல ஆயிரம் ஆண்டு பின்னால் போனது. எனவே பழைய அறிக்கைகளில் 35,000 முதல் 40,000 வரை வரும் கார்பன் வயதுகளைக் குறைந்தபட்ச வயது என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

இன்னொரு குழப்பம் 'திருத்தப்பட்ட', 'திருத்தப்படாத' வயதுகளால் வருவது. காற்றில் கார்பன்-14இன் அளவு எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருக்கவில்லை. அதனால் மரவளையங்கள், ஏரிப் படிவுகள், குகைச் சுண்ணப் படிவுகள் ஆகியவற்றைக் கொண்டு திருத்த அட்டவணை போட்டிருக்கிறார்கள். 2020இல் வெளியான அட்டவணை 55,000 ஆண்டுவரை போகிறது. தென்கோளத்துக்குத் தனி அட்டவணை உண்டு. பிரான்சின் ஷோவே குகையில் சில ஓவியங்களின் கரிக்கு 1995இல் 30,000 முதல் 32,000 வரை என்று வயது வந்தது. அதே கரியைத் திருத்தினால் 36,000 வாக்கில் போகிறது. இரண்டு எண்களையும் வெவ்வேறு கட்டுரைகளில் பார்க்கிறவர்கள் ஓவியத்தின் வயதே மாறிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். அப்புறம், 'இன்றிலிருந்து' என்று எழுதப்படும் கார்பன் வயதுகளில் 'இன்று' என்பது 1950ஆம் ஆண்டு.

கரி எந்த மரத்தினுடையது என்பதையும் கேட்க வேண்டும். நூற்றாண்டுகள் வளர்ந்த மரத்தின் உள்வயிரம் எரிந்திருந்தால், தீ மூட்டிய நாளைவிட நூற்றுக்கணக்கான ஆண்டுகள் கூடுதலாக வரும். செத்துக் காய்ந்து நெடுநாள் கிடந்த விறகும் அப்படியே. சுள்ளி, விதை, கொட்டை ஓடு போன்றவை ஓரிரு ஆண்டில் வளர்ந்து முடிபவை என்பதால் அவற்றைத் தேடி எடுப்பார்கள். கார்பன்-14 அணுக்களை நேரடியாக எண்ணும் முடுக்கி நிறைமாலைமானி என்ற கருவி 1970களின் இறுதியில் வந்த பிறகு சில மில்லிகிராம் கரி இருந்தாலே போதும் என்றானது. ஒரே ஒரு கருகிய விதைக்கு வயது சொல்ல முடிகிறது.

ஆனால் இவ்வளவும் சரியாக இருந்தும் கேள்வி முடியாமல் போகலாம். பிரேசிலின் செர்ரா டா கபிவாரா பகுதியில் உள்ள பெட்ரா ஃபுராடா இதற்கு மிக நல்ல உதாரணம். நூற்றுக்கணக்கான சிவப்பு ஓவியங்கள் உள்ள பெரிய பாறை ஒதுக்கு அது. தொல்லியலாளர் நியெட் கிடோன் பல ஆண்டு உழைத்துத் தோண்டி, 32,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மனிதர் இருந்தார்கள் என்று 1986இல் அறிவித்தார். அமெரிக்கக் கண்டங்களுக்கு மனிதர் வந்தது அதற்கு மிகவும் பிந்தி என்று எல்லாரும் நம்பிய காலம் அது. கரியின் வயதில் பெரிய சிக்கல் இல்லை. அந்தத் தீயை மூட்டியது யார் என்பதில்தான் சிக்கல். வறண்ட புதர்க்காட்டில் இயற்கையாகவே தீப் பிடிக்கும். அதன் கரியும் ஒதுக்குக்குள் வந்து சேரும். கருவிகள் என்று காட்டப்பட்டவை பாறை உச்சியிலிருந்து பல பத்து மீட்டர் கீழே விழுந்து உடைந்த கூழாங்கற்களாகவும் இருக்கலாம் என்று, நேரில் போய்ப் பார்த்த மூன்று தொல்லியலாளர்கள் 1994இல் வாதிட்டார்கள். 2016இல் இன்னொரு செய்தி வந்தது. அதே வட்டாரத்தில் வாழும் கபுச்சின் குரங்குகள் கல்லோடு கல்லை மோதி உடைக்கின்றன. அதில் தெறிக்கும் சில்லுகள், மனிதர் வேண்டுமென்றே செதுக்கியவை போலவே இருக்கின்றன. கிடோன் சொன்னது முழுக்கத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கரிக்கு வயது கிடைத்தால் குடியிருப்புக்கு வயது கிடைத்துவிட்டது என்று நினைப்பவர்களுக்கு முதலில் காட்ட வேண்டிய இடம் இதுதான்.

கார்பன் எட்டாத காலத்துக்கு, அல்லது கரியே மிஞ்சாத இடத்துக்கு, மணலைக் கேட்கிறார்கள். மண்ணில் உள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிர்வீச்சும் விண்கதிர்களும் குவார்ட்ஸ் மணலுக்குள் எலக்ட்ரான்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கவைக்கின்றன. வெயில் பட்டால் அவை விடுபட்டு, கடிகாரம் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். மணல் புதைந்த நாளிலிருந்து மறுபடி சேரத் தொடங்கும். ஆய்வுக்கூடத்தின் மங்கிய சிவப்பு வெளிச்சத்தில் அந்த மணலைப் பிரித்து, குறிப்பிட்ட ஒளியைப் பாய்ச்சினால், சிக்கியிருந்தவை ஒளியாக வெளியே வரும். அதிலிருந்து மணல் வாங்கிய மொத்தக் கதிர்வீச்சைக் கணக்கிட்டு, ஓர் ஆண்டுக்கு எவ்வளவு வாங்கியிருக்கும் என்பதால் வகுத்தால் வயது கிடைக்கும். மொத்தம் 100 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), ஆண்டுக்கு 2 மில்லிகிரே என்றால் 50,000 ஆண்டு. ஒளித்தூண்டல் ஒளிர்வு எனப்படும் இந்த முறை 1985இல் வந்தது. அதற்கு முன்பே இருந்த வெப்ப ஒளிர்வு முறையில் ஒளிக்குப் பதில் சூடு கொடுப்பார்கள்.

இதில் மண்ணின் ஈரம் பெரிய விஷயம். தண்ணீர் கதிர்வீச்சில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ளும். ஈரப்பதத்தை ஒரு சதவீதம் மாற்றி எடுத்துக்கொண்டால் வயதும் கிட்டத்தட்ட ஒரு சதவீதம் மாறும். பல ஆயிரம் ஆண்டுகளாக அந்த மண் எவ்வளவு ஈரமாக இருந்தது என்று யாரும் உடன் நின்று பார்க்கவில்லை. அதனால்தான் இந்த வயதுகளில் ஐந்து முதல் பத்து சதவீதம்வரை கூடக் குறைய இருப்பது வழக்கம்.

இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று உண்டு. அதில் ஒரு தடவை உலகமே பார்க்க விழுந்து எழுந்தார்கள்.

ஆஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில் ஜின்மியம் என்ற பாறை ஒதுக்கு. அதன் பாறையில் ஆயிரக்கணக்கான கிண்ணக் குழிகள் வரிசை வரிசையாகக் கொத்தப்பட்டிருக்கும். 1996இல் வெப்ப ஒளிர்வு வயதுகள் வெளியாயின. தரையில் கிடைத்த கற்கருவிகளுக்கு 1,16,000 ஆண்டுவரை. குழி கொத்திய ஒரு பாறைத் துண்டு புதைந்திருந்த மண்ணுக்கு 58,000 முதல் 75,000 ஆண்டுவரை. உண்மையானால் ஆஸ்திரேலியாவின் மனித வரலாறு இரண்டு மடங்காக நீண்டிருக்கும், உலகின் மிகப் பழைய பாறைக்கலையும் அதுவாகியிருக்கும். செய்தித்தாள்கள் கொண்டாடின.

இரண்டே ஆண்டில், 1998இல், ரிச்சர்ட் ராபர்ட்ஸும் உடன் பணிசெய்தவர்களும் (முதலில் அந்த வயதை வெளியிட்டவர்களும் அதில் இருந்தார்கள் என்பதை மரியாதையோடு சொல்ல வேண்டும்) அதே மண்ணை ஒற்றை ஒற்றை மணலாக ஒளியூட்டி அளந்தார்கள். கரியையும் கார்பன்-14ஆல் அளந்தார்கள். முழுப் படிவின் வயதும் 10,000 ஆண்டுக்குள்தான் வந்தது.

என்ன நடந்தது? ஒதுக்கின் பாறை மணற்கல். அதன் துண்டுகள் தரையில் விழுந்து, மண்ணுக்குள்ளேயே உளுத்துப் பொடியாயின. அந்தப் பொடியில் இருந்த மணல் மனிதர் காலத்தில் வெயிலையே பார்த்ததில்லை. பாறையாக இருந்தபோது சேர்த்துவைத்த கதிர்வீச்சு முழுவதையும் சுமந்துகொண்டிருந்தது. வெப்ப ஒளிர்வு முறை ஆயிரக்கணக்கான மணல்களை ஒன்றாகப் போட்டு அளந்ததால் எல்லாம் கலந்து சராசரியாக வந்தது. நானே போட்ட ஒரு கற்பனைக் கணக்கு: நூறு மணலில் தொண்ணூறுக்கு 8,000 ஆண்டு, பத்துக்கு 3,00,000 ஆண்டு என்றால் சராசரி 37,200. அந்த இடத்தில் 37,200 ஆண்டுக்கு முன் எதுவுமே நடக்கவில்லை! எண் மட்டும் கம்பீரமாக நிற்கும். ஒற்றை மணலாக அளந்தால் இரண்டு கூட்டமும் தனித்தனியாகக் கண்ணில் படும்.

ஜின்மியத்தை நான் தோல்வியாகப் பார்ப்பதில்லை. தன் அறிவிப்பைத் தானே மறுபடி சோதித்துப் பார்த்த நேர்மை அது. மணற்கல் ஒதுக்குகளில் ஒற்றை மணல் அளவீடு இன்று கிட்டத்தட்ட கட்டாயமாகிவிட்டது என்றால், அதில் ஜின்மியத்தின் பங்கு பெரியது.

மஜெட்பெபெயின் 65,000 ஆண்டும் ஒற்றை மணல் அளவீட்டில் வந்ததுதான். இருந்தாலும் வாதம் ஓயவில்லை. இங்கே மணலின் வயதைப் பெரிதாக யாரும் மறுக்கவில்லை. கருவி அந்த மணலுக்கு உரியதா என்றுதான் கேட்கிறார்கள். கறையான்கள் அடியிலிருந்து நுண்மணலை மேலே கொண்டுவந்துகொண்டே இருந்தால், மேலே கிடந்த கற்கள் மெல்ல மெல்லக் கீழே அமிழும் என்பது ஒரு வாதம். ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் எல்லா மக்களின் மரபணுவிலும், ஆஸ்திரேலியப் பழங்குடிகள் உட்பட, அழிந்துபோன மனித இனமான நியாண்டர்தாலின் கலப்பு இருக்கிறது. அந்தக் கலப்பு நடந்ததாகக் கணக்கிடப்படும் காலம் 65,000க்கு மிகவும் பிந்தியது என்பது இன்னொரு வாதம். மறுபக்கத்தார், ஒரே கல்லிலிருந்து உடைந்த சில்லுகளைத் தேடி ஒட்டிப் பார்த்து அவை மேலும் கீழும் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டுகிறார்கள். ஒவ்வொரு ஆழத்திலும் வெவ்வேறு வகைக் கல் மிகுந்திருப்பதையும், அரைத்த காவிக்கல்லும் தீட்டிய கோடரியும் சேர்ந்து கிடப்பதையும் சுட்டுகிறார்கள். தரை முழுக்கக் கலைந்திருந்தால் இந்த ஒழுங்கு எஞ்சியிருக்காது என்பது அவர்கள் வாதம். என் கணிப்பில் 50,000 என்பது உறுதி. அதற்கு மேலே உள்ள 15,000 ஆண்டு இன்னும் வழக்கில் இருக்கிறது.

இனி சுவருக்கு வருவோம். சுவரின் கடிகாரம் முற்றிலும் வேறு.

சிவப்பும் மஞ்சளும் பெரும்பாலும் காவி, அதாவது இரும்பு ஆக்சைடு. அதில் கார்பன் இல்லை. கறுப்பு கரியாக இருந்தால் நேரடியாக அளக்கலாம். ஷோவேயில் அதுதான் நடந்தது. மாங்கனீசாக இருந்தால் முடியாது. பிரான்சின் லாஸ்கோ குகை ஓவியங்களின் கறுப்பு பெரும்பாலும் மாங்கனீசு என்பதால், அங்கே தரையில் கிடைத்த பொருள்களின் வயதைத்தான் நம்ப வேண்டியிருந்தது. கரியாகவே இருந்தாலும், அது மரத்தின் வயதைத்தான் சொல்லும். பழைய அடுப்பிலிருந்து கரியை எடுத்துப் பிற்காலத்தவர் ஒருவர் கோடு போட்டிருந்தால் கோட்டுக்கும் பழைய வயதே வரும்.

காவி ஓவியத்துக்கு நேரடி வழி இல்லாததால் அதற்கு மேலேயும் கீழேயும் உள்ளதைப் பார்க்கிறார்கள். சுண்ணாம்புப் பாறையில் நீர் கசிந்து ஓவியத்தின்மேல் மெல்லிய சுண்ணப் படலம் படியும். யுரேனியம் நீரில் கரையும், தோரியம் கரையாது. எனவே புதிதாகப் படிந்த படலத்தில் யுரேனியம் மட்டும் இருக்கும். அது சிதைந்து தோரியமாக மாறுவதை அளந்தால் படலத்தின் வயது தெரியும். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் 2014இல் ஒரு கை அச்சுக்கு இப்படி வந்த வயது குறைந்தது 39,900 ஆண்டு. 2024இல் லேசரால் படலத்தைத் துருவி அளந்தபோது லியாங் கரம்புவாங் என்ற குகையின் பன்றி ஓவியத்துக்குக் குறைந்தது 51,200 ஆண்டு. 'குறைந்தது' என்ற சொல்லை விட்டுவிட்டு இந்த எண்ணை எழுதக்கூடாது. படலம் ஓவியம் தீட்டிய மறுவருடமும் படியலாம், பத்தாயிரம் ஆண்டு கழித்தும் படியலாம்.

இதிலும் குறை உண்டு. பின்னால் வந்த நீர் யுரேனியத்தைக் கரைத்துக்கொண்டு போனால் தோரியம் அதிகம்போலத் தெரியும், வயது வீங்கிவிடும். ஸ்பெயினின் மூன்று குகைகளில் 64,000 ஆண்டுக்கும் மேற்பட்ட குறிகள் இருப்பதாகவும், அவை நியாண்டர்தால் மனிதர் இட்டவை என்றும் 2018இல் வெளியானபோது எழுந்த எதிர்ப்பின் மையம் இதுதான். படலத்தை அடுக்கடுக்காக அளந்து, வெளியிலிருந்து உள்ளே போகப்போக வயது ஒழுங்காகக் கூடுகிறதா என்று பார்ப்பது ஒரு சோதனை.

சுண்ணமே இல்லாத மணற்கல் சுவரில் என்ன செய்வது? ஆஸ்திரேலியாவின் கிம்பர்லியில் குளவிக் கூட்டைக் கேட்டார்கள். மண்குளவி ஓவியத்தின்மேல் கூடு கட்டியிருந்தால் ஓவியம் அதைவிடப் பழையது. கூட்டின்மேல் ஓவியம் ஏறியிருந்தால் புதியது. கூட்டு மண்ணில் உள்ள நுண்ணிய கரித்துகளைக் கார்பன்-14ஆல் அளக்கலாம். ஒரு கங்காரு ஓவியத்துக்கு மேலேயும் கீழேயும் கூடுகள் அமைந்திருந்ததால், அதன் வயது 17,100க்கும் 17,500க்கும் இடையில் என்று 2021இல் குறுக்கிச் சொல்ல முடிந்தது. இரண்டு பக்கமும் வேலி போட்டதுபோல் இவ்வளவு நெருக்கமான வயது பாறை ஓவியத்தில் மிக அரிது. சிவப்புக் கோடுகளுக்கு நடுவே ஒட்டிக்கிடக்கும் அந்த மண் உருண்டையைச் சுரண்டி எறியாமல் விட்ட காலத்துக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

ஆக, தரைக்கு ஒரு வயதுக் கோவை, சுவருக்கு ஒரு வயதுக் கோவை. இரண்டையும் இணைக்கும் பாலம் கிடைத்தால்தான் 'இங்கே தங்கியவர்களே வரைந்தார்கள்' என்று சொல்லலாம். மத்தியப் பிரதேசத்தின் பீம்பேட்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 1957இல் தொல்லியலாளர் வாகங்கர் கண்டறிந்த இடம். 1970களில் அங்கே தோண்டியபோது அடியில் அஷூலியன் கைக்கோடரிகள் கிடைத்தன. ஒரு லட்சம் ஆண்டுக்கும் முந்தைய மரபு அது. மேலே நுண்கற்கருவிக் காலம்வரை அடுக்குகள் தொடர்கின்றன. சுவர் ஓவியங்களில் பெரும்பகுதி நுண்கற்கருவிக் காலத்தையும் அதற்குப் பிந்திய காலங்களையும் சேர்ந்தவை என்பதே பொதுவான கருத்து. அதாவது அந்தத் திண்ணையில் உட்கார்ந்து கல் செதுக்கிய முதல் ஆள்களுக்கும் மான் கூட்டத்தை வரைந்தவர்களுக்கும் நடுவே, நமக்கும் அந்த ஓவியர்களுக்கும் நடுவே உள்ளதைவிடப் பல மடங்கு பெரிய இடைவெளி. அடி அடுக்கின் வயதை ஓவியத்துக்கு ஒட்டினால் என்ன ஆகும் என்று இதிலேயே தெரிகிறது.

பாலம் கிடைத்த இடங்களும் உண்டு. பிரான்சின் டோர்டோன் பகுதியில் அப்ரி காஸ்தனே என்ற ஒதுக்கில், செதுக்கல்கள் உள்ள கூரைப் பாறை இடிந்து, மனிதர் புழங்கிய தரையின்மேல் முகங்குப்புற விழுந்து கிடந்தது. 2007இல் அந்தப் பாறையைக் கண்டெடுத்தார்கள். செதுக்கிய முகம் நேரடியாக அந்தத் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. இடையில் வேறு மண் இல்லை. அடியில் நசுங்கிக் கிடந்த எலும்புகளின் வயது சுமார் 37,000 ஆண்டு. கூரை கைக்கு எட்டும் உயரம். அந்த மக்கள் தாங்கள் சமைத்து உண்ட இடத்துக்கு நேர் மேலே, தலைக்கு மேல் கையை உயர்த்திச் செதுக்கியிருக்கிறார்கள். சுவரும் தரையும் ஒரே கணத்தில் உறைந்துபோன இடம் அது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஒரே காலக்கணிப்பைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

ஆர்னம்லாந்தின் நவர்லா கபர்ன்மங் ஒதுக்கில் கரியால் கோடிட்ட சிறு பாறைத் துண்டு ஒன்று மண்ணுக்குள் கிடைத்தது. அதன் வயது ஏறத்தாழ 28,000 ஆண்டு. நமீபியாவின் அப்பல்லோ 11 குகையில் விலங்குருவம் தீட்டிய கற்பலகைகள் சுமார் 30,000 ஆண்டு பழைய அடுக்கில் கிடைத்தன. அப்பல்லோ 11 பயணத்தில் மனிதர் முதன்முதலாகச் சந்திரனில் இறங்கிய 1969இல் அங்கே தோண்டியதால் அந்தப் பெயர். தரையில் தேய்த்த காவிக்கட்டிகள் கிடைப்பதும் ஒரு தடயம்தான், ஆனால் வலுக் குறைந்தது. காவியை உடம்பில் பூசவும் தோல் பதப்படுத்தவும் பிசினில் கலக்கவும் பயன்படுத்தினார்கள். காவி இருந்தது என்பதால் சுவரில் வரைந்தார்கள் என்று ஆகாது.

இன்னொன்று. 'குடியிருப்பு' என்ற சொல்லே நம்மை ஏமாற்றும். 10,000 ஆண்டுக்கான மண்ணில் கருவிகள் தொடர்ந்து கிடைத்தாலும், ஆண்டுக்குச் சில இரவுகள் மட்டும் தங்கிய வேட்டைக் கூட்டமாக இருக்கலாம். நடுவே பல தலைமுறை யாருமே வராமலும் இருந்திருக்கலாம். ஷோவேயில் 250க்கும் மேற்பட்ட வயதுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த பிறகுதான், மனிதர் வந்தது இரண்டு தனித்தனிக் காலங்களில் என்று 2016இல் தெரிந்தது: 37,000 முதல் 33,500 வரை ஒன்று, 31,000 முதல் 28,000 வரை ஒன்று. நடுவில் சில ஆயிரம் ஆண்டு வெறுமை. வாசலை மூடிய பாறைச் சரிவின் வயதையும், விண்கதிர் பட்டுப் பாறையில் உருவாகும் குளோரின்-36ஆல் தனியாக அளந்தார்கள். சுமார் 21,500 ஆண்டுக்கு முன்பே வழி அடைபட்டுவிட்டது. அதற்குப் பிறகு யாரும் உள்ளே போய் வரைந்திருக்க முடியாது. ஒன்றையொன்று சாராத முறைகள் இப்படி ஒரே கதையைச் சொல்லும்போதுதான் எனக்கு மனம் நிறைகிறது.

அடுக்கு வரிசையையும் வயதுகளையும் சேர்த்துக் கணிக்கும் புள்ளியியல் முறைகள் இன்று எல்லா அறிக்கையிலும் வருகின்றன. கீழடுக்கு மேலடுக்கைவிடப் பழையது என்ற ஒரு செய்தியைக் கணக்கில் சேர்த்தாலே பிழை அளவு நன்றாகச் சுருங்கும். ஆனால் அடுக்கு கலைந்திருந்தால் அந்தக் கணக்கு கலைந்ததையும் அழகாகச் சுருக்கிக் கொடுத்துவிடும்.

உங்கள் 30,000 ஆண்டுக் கரிக்குத் திரும்பி வருகிறேன். அது அடுப்புக்குள் கிடைத்ததா, சுள்ளியா வயிரமா, எப்படிக் கழுவினார்கள், திருத்திய வயதா, பக்கத்து மணலை ஒற்றை மணலாக அளந்தபோது என்ன வந்தது, அதே அடுக்கில் சந்தேகமில்லாத கருவி இருக்கிறதா, அதற்கு மேலும் கீழும் உள்ள வயதுகள் வரிசையாக இருக்கின்றனவா என்று அறிக்கையில் பாருங்கள். இவற்றுக்கெல்லாம் பதில் இருந்தால், 30,000 ஆண்டுக்கு முன் யாரோ அங்கே தீ மூட்டி உட்கார்ந்தார்கள் என்று தயங்காமல் சொல்லலாம். ஓவியத்தைப் பற்றி அந்தக் கரி ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சுவரில்தான் தேட வேண்டும், அல்லது சுவரிலிருந்து விழுந்த துண்டு அந்த அடுக்கில் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தோண்டுபவர்கள் தரை முழுவதையும் தோண்டிவிட்டார்களா என்பதையும் பாருங்கள். மஜெட்பெபெயில் 1973இல் தோண்டினார்கள், 1989இல் தோண்டினார்கள், 2012இலும் 2015இலும் தோண்டினார்கள். 1973இல் ஒளியால் மணலை அளக்கும் முறையே கிடையாது. 1989இல் ஒற்றை மணலை அளக்கும் கருவி கிடையாது. ஒவ்வொரு முறையும் கை வைக்காத மண் மிச்சம் இருந்ததால்தான் அடுத்து வந்தவர்களால் புதிய கேள்வியோடு இறங்க முடிந்தது. இன்று நடக்கும் கறையான் வழக்குக்கும் சாட்சி அங்கே இன்னும் தோண்டாமல் கிடக்கும் அந்த மண்தான்.